மனையும் பருவமும்

காலத்தைப் பகுத்துக் காண்பதில் தமிழர் தொன்றுதொட்டே வல்லுநராய் விளங்கினர். ஒரு நாளைச் சிறுபொழுதுகளாகவும் ஓர் ஆண்டைப் பெரும்பொழுதுகளாகவும் அவர்கள் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறும் பெரும்பொழுதுகளாம். இவை ஒவ்வொன்றும் இரண்டு திங்கள் அளவின. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தொல்காப்பியர் இப்பொழுதுகளை நிலத்தோடும் மக்கள் ஒழுக்கத்தோடும் பொருத்தி இலக்கணம் வகுத்தார்.

இவ்வாறு பெயர்களையும் மாணவர் எளிதில் மனப்பாடம் செய்து ஒப்பிப்பர். ஆயினும், “இன்று நும் வீட்டு முற்றத்தில் நிகழும் பெரும்பொழுது யாது? அதனை எவ்வடையாளத்தால் அறிந்தீர்?” என்று வினவின், விடை பகர்வோர் சிலரே. நூலில் கற்றதை வீட்டு வாயிலில் கண்டு தெளிதலே கல்வியின் பயன். அவ்வாறு காண்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பிறந்து வளர்ந்த மனையே போதும். சேலம் மாவட்டத்து எடப்பாடியைச் சான்றாகக் கொண்டு இதனை அறியலாம்.

எடப்பாடிக்கு வடகிழக்கே சேர்வராயன் மலையும், தெற்கே சங்ககிரி மலையும், வடக்கே மேட்டூர் அணையும், மேற்கே காவிரியும் உள்ளன. சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்கா ஆறு ஓமலூர் வழியாக எடப்பாடிக்கு வந்து, பின்னர்க் காவிரியோடு கலக்கின்றது. உழவும் நெசவும் இவ்வூர் மக்களின் இரு கண்கள். இப்பகுதியின் பழைய வீடுகள் பல ஓடு வேய்ந்தவை. தெருப்பக்கம் திண்ணை, உள்ளே ஆசாரம், நடுவே வானம் நோக்கித் திறந்த முற்றம், அதனைச் சூழத் தாழ்வாரம், புழக்கடையில் ஒரு கிணறும் ஒரு வேம்பும். முற்றத்தை நடுவிற்கொண்ட இத்தகைய வீட்டினைக் கொங்கு நாட்டார் தொட்டிக்கட்டு வீடு என்பர். வெயிலும் மழையும் காற்றும் நிலவும் உள்ளே புகுதற்கு வழிவிட்டுக் கட்டிய வீடு ஆதலின், பருவத்தின் வரவை வீட்டார் இருந்த இடத்திலிருந்தே அறிவர்.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஆவணி முதலாக ஆண்டினை எண்ணுவர். அம்முறையே கார்ப்பருவத்தை முதலில் காண்போம். ஆவணியில் எடப்பாடியில் பகல் முழுதும் வெயில் காயும். பிற்பகலில் மலைப்பக்கத்தே முகில் திரளும். மாலையில் மின்னி இடித்து மழை பொழியும். நள்ளிரவிற்குள் வானம் வெளுத்து மீன்கள் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்திலேயே சொரிந்துவிடுகின்றது. ஆதலின் இச்சமவெளிக்கு அது வறண்ட காற்றாகவே வந்து சேர்கின்றது. ஆடிக்குப் பின் அக்காற்றின் வேகம் தணியும்போது, பகல் வெப்பத்தால் மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து முகிலாகி மாலை மழையைத் தருகின்றது.

முதல் துளிகள் முற்றத்து மண்ணில் விழுந்ததும் எழும் மணத்தை விரும்பாதார் இலர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒருவகைப் பொருளும், வறண்ட காலத்தில் செடிகள் வெளியிட்டுக் கல்லிலும் மண்ணிலும் படிந்த எண்ணெய்களும் அம்மணத்திற்குக் காரணம். ஆசுத்திரேலிய நாட்டு அறிவியலார் இருவர் 1964-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, அம்மணத்திற்குத் தனிப்பெயரும் சூட்டினர். வடநாட்டில் கன்னோசி நகரத்தார் மண்ணின் மணத்தையே வடித்தெடுத்து நறுநெய்யாக விற்கின்றனர். மழைக்கு மறுநாள் மாலையில் ஈசல்கள் விளக்கை நாடி வரும். புறத்தே, ஆடியில் விதைத்த நிலக்கடலை மஞ்சட்பூப் பூத்து, பூவின் அடியிலிருந்து நீளும் காம்பினை மண்ணுள் இறக்கும். காய் விளைவது அங்கேயே.

ஐப்பசியில் காற்றின் திசை மாறுகின்றது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வடகிழக்குப் பருவக்காற்று வருகின்றது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று காற்றுக்கும் முன்னோர் பெயர் வைத்தனர். வீட்டின் எச்சாளரத்தைச் சாத்த நேர்கின்றது என்பதைக் கொண்டே காற்றின் பெயரைக் கூறிவிடலாம். கூதிர்க்காலத்து மழை மாலையில் வந்து இரவில் விடுவது அன்று. சில நாட்கள் விடாது பெய்யும். ஓட்டு விளிம்பிலிருந்து நீர் சரம் சரமாய் இறங்கும். கிணற்றில் நீர் மேலேறும். வடபுலத்திலிருந்து வந்த வாலாட்டிக் குருவிகள் ஈர நிலத்தில் வாலை மேலும் கீழும் ஆட்டி நடக்கும். கார்த்திகைத் திங்களில் திண்ணையிலும் மாடங்களிலும் அகல்விளக்குகள் ஒளிரும். அப்போது முற்றத்தில் நின்று கிழக்கே நோக்கின், அந்திக்குப் பின் கார்த்திகை மீன்கூட்டம் எழுவதைக் காணலாம். திங்களின் பெயருக்கும் வானத்திற்கும் உள்ள உறவு அப்பொழுது விளங்கும்.

மழையின் அழகைக் கூறுமிடத்து அதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். கைத்தறி நெசவாளர் பலர் குழித்தறியில் நெய்பவர். தரையில் தோண்டிய குழியில் கால்களை வைத்து மிதியை மிதித்து அவர்கள் நெய்வர். விடாது மழை பெய்யின் அக்குழியில் நீர் ஊறும். தறி நின்றுவிடும். பாவு நூலை நீள விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்குப் பாவடி எனப்படும் திறந்தவெளி வேண்டும். மழை நாளில் பாவடியில் நூல் உலராது. காற்று மிக வறண்டாலோ பருத்தி இழை அறும். இளங்காலையின் மெல்லிய ஈரமே இழைக்கு ஏற்றது. எனவே, நெசவாளர் வீட்டில் வானத்தை நோக்குவது பொழுதுபோக்கு அன்று. அன்றைய உணவைப் பற்றிய கவலை. விசைத்தறி பெருகிவிட்ட இந்நாளிலும் குழித்தறியை விடாத குடும்பங்களுக்கு இத்துன்பம் நீங்கவில்லை. திண்ணையில் அமர்ந்து மழையை நுகர்பவர், அடுத்த வீட்டுத் தறியின் ஓசை நின்றதையும் கேட்டல் வேண்டும். பிறர் வருத்தத்தை உணராத நுகர்ச்சி அரைகுறை நுகர்ச்சியேயாம்.

மார்கழியில் மழை ஓயும். காலையில் பனி மூடிய தெருவில் எதிர்வீடும் மங்கலாகத் தோன்றும். வாயிலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, சாணவுருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பர். பந்தலில் அவரை காய்த்துத் தொங்கும். தைப் பொங்கலுக்கு முந்திய நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டின் கூரையிலும் தோட்டத்திலும் செருகும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. இதனைக் காப்புக் கட்டுதல் என்பர். அக்காலத்தில் இயல்பாக மலர்ந்து கிடக்கும் பூவையே கொய்து மனைக்கு அணிவிப்பதால், காட்டின் பருவம் கூரையில் வந்து அமர்கின்றது. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடி மக்கள் காவடியேந்திப் பழனிக்குத் திரள் திரளாக நடந்து செல்வது நெடுங்கால வழக்கம். மழை ஓய்ந்து வெயில் முதிராத அத்திங்கள் நெடுவழி நடப்பார்க்கும் இனியது.

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். முன்னிரவில் விழுந்த பனி இப்போது பின்னிரவில் விழும். பகலோ நாளுக்கு நாள் வெப்பமுறும். புழக்கடை வேம்பு இலைகளை உதிர்க்கத் தொடங்கும். ஒரு நாளைக்கு இருமுறை பெருக்கினும் முற்றம் மஞ்சள் இலைகளால் நிறைந்துவிடும். சின்னாட்களில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றி மரம் புத்துடை உடுத்தது போலாகும். திண்ணையில் புளியை உலர்த்தி, ஓடு நீக்கி, கொட்டை எடுக்கும் வேலை நடைபெறும். பெரியோர் கையால் கொட்டையெடுக்க, சிறியோர் அக்கொட்டையைக் கொண்டு பல்லாங்குழி ஆடுவர். ஓராண்டுக்குரிய புளி பானையில் அடையும்.

சித்திரை பிறந்ததும் வேம்பு பூத்துக் குலுங்கும். அதன் நுண்ணிய வெண்பூக்கள் இரவெல்லாம் உதிர்ந்து விடியலில் முற்றத்தைப் போர்த்தியிருக்கும். புத்தாண்டு நாளில் அப்பூவையே உணவில் சேர்த்துக்கொள்வர். கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும். குயிலின் கூவல் விடியற்காலையில் ஒலிக்கும். இனிது கூவுவது ஆண் குயில். பெண் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடும். காக்கை கூடு கட்டும் காலமும் அதுவே ஆதலால், கூவலைக் கேட்டவுடன் வேம்பின் உச்சியில் காக்கைக்கூடு உண்டா என்று நோக்குதல் நன்று. சேலம் மாவட்டம் பேர்பெற்ற மாங்கனிகள் சந்தைக்கு வருவதும் இப்பருவத்திலேயே. பனைநுங்கும் வரும். இரவில் புழுக்கம் தாங்காது வீட்டார் முற்றத்தில் பாய் விரிப்பர். பாட்டி கதை சொல்ல, பேரப்பிள்ளைகள் வானத்து மீன்களை எண்ணியபடியே உறங்குவர்.

ஆனியும் ஆடியும் முதுவேனில். ஈண்டு ஒன்றனைக் கருதுதல் வேண்டும். முதுவேனில் என்பது வெயில் முதிர்ந்த காலம். எடப்பாடியிலோ வெயில் மிகக் கடுமையாகக் காய்வது சித்திரையின் பிற்பகுதியிலும் வைகாசியிலுமே. ஆனி பிறந்ததும் மேல்காற்று வீசத் தொடங்கும். முகில்கள் வானத்தில் ஓடும். வெப்பம் சற்றே தணியும். எனின், நூல் பிழையோ? அன்று. நூல் தமிழகம் முழுமைக்கும் பொதுவாக வகுத்த வரம்பு. ஓர் ஊரின் மலையும் காற்றும் கடலின் தொலைவும் அவ்வரம்பைச் சிறிது நெகிழ்த்தும். நூலைக் கற்றவன் ஊரையும் காணல் வேண்டும். ஊரைக் கண்டவன் நூலையும் கற்றல் வேண்டும். இரண்டும் ஒத்த இடத்தில் மகிழலாம். ஒவ்வாத இடத்தில் காரணம் தேடலாம். அறிவு வளர்வது அங்கே.

ஆடிக்காற்றின் வேகம் யாவரும் அறிந்தது. கொடியில் உலர்த்திய துணி பறக்கும். கதவுகள் தாமே அறையும். வேப்பம்பழங்கள் உதிர்ந்து இனிய புளிப்பு மணம் கமழும். ஊரில் மழையில்லை, ஆயினும் மேற்கே பூலாம்பட்டியில் காவிரி பெருகி ஓடும். இஃது எவ்வாறு? காற்று இச்சமவெளியில் சொரியாத மழையைக் குடகு மலையில் முன்னரே சொரிந்துவிட்டது. அந்நீரே கன்னட நாட்டைக் கடந்து மேட்டூரை வந்தடைகின்றது. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. ஆடிப்பெருக்கன்று மக்கள் ஆற்றங்கரையில் கூடி நீரை வணங்குவது, தொலைநாட்டில் பெய்த மழைக்கு இந்நாட்டார் கூறும் நன்றியாகும். அணை நிரம்பி வழியும் உபரி நீரை மாவட்டத்தின் வறண்ட ஏரிகள் 100-க்குக் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2020-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அதன் முதற்பகுதி 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அந்நீர் வந்து சேரும் ஏரிக்கரை ஊர்களில், உள்ளூர் மழையோடு குடகு மழையும் மனைக் கிணற்றின் நீர்மட்டத்தில் பங்கு பெறலாயிற்று.

ஆறு பருவங்களும் மாறி வருதற்கு அடிப்படை ஞாயிற்றின் வடசெலவும் தென்செலவுமேயாம். இதனையும் மனையிலிருந்தே காணலாம். முற்றத்தில் 100 சென்டிமீட்டர் உயரமுள்ள கோல் ஒன்றை நேராக நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளக்க வேண்டும். எடப்பாடியில் ஞாயிறு உச்சியை அடைவது பெரும்பாலான நாட்களில் 12 மணிக்குச் சற்றுப் பின்னரே. டிசம்பர் 21-ஆம் நாளளவில் அந்நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளும். பின்னர் நாள்தோறும் குறுகும். ஏப்ரல் 20-ஆம் நாளளவில், அஃதாவது சித்திரையின் முதல் வாரத்தில், உச்சிவேளையில் கோலுக்கு நிழலே இராது. அதன்பின் நிழல் தெற்கே திரும்பும். ஜூன் 21-ஆம் நாளளவில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் நீண்டு, மீண்டும் குறுகி, ஆகஸ்டு 22-ஆம் நாளளவில், அஃதாவது ஆவணியின் முதல் வாரத்தில், மறுமுறையும் மறையும். இளவேனிலின் தொடக்கத்தில் ஒரு முறையும், காரின் தொடக்கத்தில் ஒரு முறையும் நிழல் மறைவது நோக்கத்தக்கது. மார்கழியில் தெற்கு நோக்கிய திண்ணையில் வெயில் புகுவதற்கும், ஆனியில் வடக்குச் சுவர் வெயிலில் காய்வதற்கும் காரணம் இதுவே. முதியோர் மார்கழியில் வெயில் காயும் இடத்தை ஆனியில் நாடார்.

இங்ஙனம் கண்டவற்றை எழுதி வைத்தல் பெரும்பயன் தரும். இங்கிலாந்தில் இராபர்ட்டு மார்சம் என்பார், தம் மனையைச் சூழ்ந்த நிலத்தில் எம்மரம் எந்நாளில் தளிர்த்தது, எப்பறவை எந்நாளில் வந்தது, தவளை எந்நாளில் முதலில் கத்தியது என்பனவற்றை 1736-ஆம் ஆண்டு முதல் குறித்துவந்தார். அவர் 1797-இல் மறைந்தார். இடையே சில ஆண்டுகள் விடுபட்டபோதிலும், அவர் வழித்தோன்றல்கள் அப்பணியை 1958-ஆம் ஆண்டு வரை தொடர்ந்தனர். ஒரு குடும்பத்தார் தம் இன்பத்திற்காக எழுதிய அக்குறிப்பை 1995-ஆம் ஆண்டில் அறிவியலார் ஆராய்ந்தனர். வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மரங்கள் முன்னதாகத் தளிர்ப்பதை அதனின்று அறிந்தனர். இந்தியாவிலும் 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில், பள்ளி மாணவர்கள் தம் வீட்டருகே உள்ள மரத்தின் தளிர், பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் நோக்கிப் பதிவு செய்கின்றனர்.

உலகின் வெப்பநிலை உயர்ந்துவரும் இந்நாளில் இத்தகைய குறிப்புகள் மிக வேண்டப்படுகின்றன. ‘முன்பெல்லாம் மழை தவறாது பெய்தது, கொன்றை காலத்தில் பூத்தது’ என்று முதியோர் கூறுவர். அக்கூற்று மெய்யாயினும், நாளும் அளவும் எழுதி வைக்கப்பெறாத நினைவு காலப்போக்கில் மங்கும். முதியோர் மறையும்போது அந்நினைவும் அவரோடு மறையும். தொட்டிக்கட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பெற்றுக் கற்காரைத் தளங்கள் எழுகின்றன. அம்மாற்றத்திற்கு இடநெருக்கடி, பழுதுபார்க்கும் செலவு, குடும்பம் பிரிதல் எனக் காரணங்கள் பல. முற்றம் போயினும் நோக்கும் கண் போகவேண்டுவதில்லை. மொட்டைமாடியில் ஒரு கோல் நடலாம். சாளரத்தின் வழியே தெருவோரப் புங்கமரத்தைக் காணலாம். எந்நாளில் முதற்குயில் கூவிற்று, எந்நாளில் வேம்பு பூத்தது, எந்நாளில் முதல் ஈசல் வந்தது, எந்நாளில் தறி மழையால் நின்றது என்று ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதலாம். வீட்டிலுள்ள தாத்தாவையும் பாட்டியையும் கேட்டு, அவர்தம் இளமையில் இவை எத்திங்களில் நிகழ்ந்தன என்பதையும் அதனருகே எழுதலாம்.

தந்தையர் மைந்தர்க்கு நிலமும் பொன்னும் விட்டுச் செல்வர். நாளிட்டு எழுதிய பருவக் குறிப்பேடும் அவற்றோடு ஒத்த செல்வமேயாகும். இன்று ஒரு மாணவன் எழுதும் ஒரு வரி, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூரின் மழை வரலாற்றில் ஒரு சான்றாக நிற்றல் கூடும். ஆதலின், பள்ளியிலிருந்து வீடு திரும்பும் மாணவர், வாயிலைக் கடக்குமுன் ஒரு கணம் நின்று வானத்தையும் மரத்தையும் நிழலையும் நோக்குவாராக. அடுத்த வீட்டுத் தறியின் ஓசைக்கும் செவி கொடுப்பாராக. அப்பொழுது பெரும்பொழுது ஆறும் ஏட்டிலிருந்து இறங்கி, அவர்தம் மனையில் முறையே வந்து விருந்தாகும்.